ஹின்டனின் நாவல்கள்: வேகமும் கட்டுப்பாடும்

இளையரைப் பற்றிய நாவல்களை எழுதுவோர் பெரும்பாலும் அப்பருவத்தைக் கடந்து நின்று திரும்பிப் பார்ப்பவர்கள். ஆதலின், அவர்தம் படைப்புகளில் அனுபவத்தை முந்திக்கொண்டு அறிவுரை வந்து நிற்பதுண்டு. அமெரிக்க நாவலாசிரியை எஸ். ஈ. ஹின்டன் இதற்கு விதிவிலக்கானவர். 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் தம் முதல் நாவலை அவர் பதினைந்தாம் வயதில் தொடங்கி, அதன் பெரும்பகுதியைப் பதினாறாம் வயதில் எழுதினார். 1967ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அமெரிக்காவில் இளையர் நாவல் தனியொரு துறையாகக் கால்கொண்டதற்கு அந்நூல் முக்கியமான காரணம் என்பது திறனாய்வாளர் பலரும் ஒப்பும் கருத்து. எனினும், இளமையின் வேகம் ஒன்றே அவரை எழுத்தாளராக்கிற்று என்று கொள்வது பொருந்துமா? அவருடைய எழுத்துப் பணியை வரிசையாக நோக்கின் வேறொரு விடை கிடைக்கிறது.

நாவல் பிறந்த சூழல்

ஹின்டன் 1948இல் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் பிறந்தவர். அவர் பயின்ற வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் வசதி படைத்த மாணவர்களும் எளிய குடும்பத்து மாணவர்களும் அணி பிரிந்து பகைத்திருந்தனர். திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய நண்பன் ஒருவன் வழியில் தாக்கப்பட்டான். அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தில் எழுப்பிய சினமே கதையின் வித்து. தம் வயதினரின் உண்மை வாழ்வைச் சொல்லும் நூல்கள் கிடைக்கவில்லை என்ற குறையும் அவரை எழுதத் தூண்டிற்று. அக்காலத்தில்தான் அவருடைய தந்தையார் புற்றுநோயால் நலிந்து இறந்தார். பெற்றோரை இழந்த மூன்று சகோதரர்களின் இல்லத்தை நாவலின் நடுவே அமைத்ததில் இத்துயரின் சாயல் இருக்கக்கூடும்.

சினத்தில் பிறந்ததாயினும் நாவல் ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. முதற்படி தட்டச்சில் ஏறத்தாழ 40 பக்கங்களே. அதனைப் பலமுறை திருத்தி எழுதி, விவரங்களையும் பாத்திரங்களின் பின்னணியையும் சேர்த்தே நாவலாக வளர்த்தார். இந்நாவலில் உழைத்துக்கொண்டிருந்த ஆண்டில் பள்ளியின் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் பெற்றது 'டி' என்னும் தாழ்ந்த தரம். வகுப்பறை அளவுகோலுக்கும் படைப்பாற்றலுக்கும் இடையே விழக்கூடிய இடைவெளியை ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு இது தக்க சான்று.

தன்மைக் கூற்று

பதினான்கு வயதுச் சிறுவன் போனிபாய் தானே கதை சொல்வதாக நாவல் அமைந்துள்ளது. பெண்ணொருவர் ஆண்பிள்ளையின் குரலில் எழுதியதை ஆண் விமர்சகர்கள் ஐயுறக்கூடும் என்று கருதியே, பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அட்டையில் இட்டனர். அந்தக் குரல் ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. போனிபாய் தெருச் சண்டையைச் சொல்லும் அதே மூச்சில் மாலை வானத்தின் அழகையும் சொல்கிறான். பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது, கொலைப்பழிக்கு அஞ்சும் தோழன் ஜானிக்கு நாவல் படித்துக் காட்டுகிறான். ராபர்ட் ஃபிராஸ்டின் கவிதையொன்றை நினைவிலிருந்து சொல்கிறான். போக்கிரி என்று ஊரார் ஒதுக்கிய பிள்ளைக்கும் இலக்கியம் உரியது என்பதை ஆசிரியை உரையாக அன்றிக் காட்சியாகவே நிறுவுகிறார்.

நாவலின் முடிவு மிகவும் நுட்பமானது. தோழர்களை இழந்து படிப்பில் பின்தங்கிய போனிபாயிடம் ஆங்கில ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்கிறார். அது நன்றாக அமைந்தால் தேர்ச்சி உண்டு என்கிறார். அவன் எழுதத் தொடங்கும் வாக்கியமே நாவலின் தொடக்க வாக்கியம். வாசகர் அதுவரை படித்த நூல் முழுவதும் ஒரு பள்ளிக் கட்டுரை என்பது அப்போதுதான் விளங்குகிறது. சொல்ல வேண்டியது நெஞ்சில் நிறைந்திருப்பின், வகுப்பில் இடும் கட்டுரையும் இலக்கியமாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

குறைகளும் உள. தேவாலயத் தீவிபத்தில் சிறுவர்கள் குழந்தைகளைக் காப்பாற்றும் நிகழ்ச்சி, அவர்தம் நற்பண்பை மெய்ப்பிக்கவே வலிந்து புகுத்தியது போல் தோன்றுகிறது. உணர்ச்சி சில இடங்களில் கரை மீறுகிறது. பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு.

மௌனமும் மீட்சியும்

முதல் நூலின் புகழ் ஹின்டனுக்குச் சுமையாயிற்று. அடுத்த நூலும் அதற்கு நிகராக இருத்தல் வேண்டுமே என்ற அச்சத்தால் அவர் சில ஆண்டுகள் எழுத முடியாமல் தவித்தார். யாரும் அறியாத மாணவியாய் எழுதியபோது இருந்த துணிவு, உலகம் பார்த்திருக்க எழுதும்போது இல்லாமற் போயிற்று. அம்மௌனத்தைக் கலைத்தவர் பின்னர் அவருடைய கணவரான நண்பர். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதாவிடில் மாலையில் வெளியே செல்வதில்லை என்று அவர் நிபந்தனை விதித்தார். அந்த இரண்டிரண்டு பக்கங்கள் சேர்ந்து உருவானதே 1971இல் வெளிவந்த 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நௌ'.

இவ்விரு நாவல்களையும் ஒப்பிட்டால் எழுதிய முறையின் வேறுபாடு நடையிலும் தெரிகிறது. முன்னதில் கதைசொல்லி தன் தோழர் அனைவருக்காகவும் வாதாடுகிறான். பின்னதில் பிரையன் என்னும் இளைஞன், உடன்பிறந்தான் போல் வளர்ந்த மார்க் போதைப்பொருள் விற்பதை அறிந்து காவல்துறைக்குத் தெரிவிக்கிறான். பின்பு தான் செய்தது சரியா என்று அறியாது வெறுமையில் நிற்கிறான். ஆசிரியை அவனுக்கு ஆறுதல் சொல்லவுமில்லை, தீர்ப்பளிக்கவுமில்லை. வாக்கியங்கள் சிக்கனமாக உள்ளன, மிகையுணர்ச்சி அடங்கியுள்ளது. முதல் நாவலின் வெம்மை இதில் குறைவு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அறச்சிக்கலை அதன் கடுமையோடு அப்படியே விட்டுவைக்கும் முதிர்ச்சி இதற்கே உரியது.

1975இல் வந்த 'ரம்பிள் ஃபிஷ்' இம்முறையின் அடுத்த படி. 1968இல் சிறுகதையாக வெளிவந்ததையே அவர் ஆண்டுகள் கழித்து நாவலாக்கினார். அதன் கதைசொல்லி ரஸ்டி ஜேம்ஸ், போனிபாயைப் போல் சொல்வளம் உடையவன் அல்லன். தன் வாழ்வின் பொருளைத் தானே உணராதவன். அத்தகையவன் வாய்மொழியிலேயே வாசகர் அவனைவிட மிகுதியாக உணருமாறு செய்தது, பழகிய கையின் திறன். 1979இல் 'டெக்ஸ்' வெளிவந்தது. இளையர் இலக்கியத்துக்கான மார்கரெட் ஏ. எட்வர்ட்ஸ் விருது 1988இல் முதன்முறையாக ஹின்டனுக்கே வழங்கப்பெற்றது.

முடிவுரை

ஹின்டனுக்குப் பொருளைத் தந்தது இளமையின் சினம்; நூலைத் தந்தது திருத்தியெழுதிய உழைப்பு; புகழால் நின்றுபோன எழுத்தை மீட்டது அன்றாடக் கடமை. அவரைப் பிறவி மேதை என்று வியந்து நிறுத்திவிடுவது அவ்வுழைப்பை மறைப்பதாகும். மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் மதிப்பெண் இட்டதோடு அமையாது, அதனை மீண்டும் எழுத வாய்ப்பளித்தல் நன்று. நாற்பது பக்கம் நாவலானது அவ்வாறே. எழுத விழையும் மாணவரோ உள்ளத்தின் எழுச்சிக்காகக் காத்திராமல், நாளுக்கு இரண்டு பக்கமேனும் எழுதிப் பழகுவாராக.