‘எஸ்குலெந்துஸ்’ என்னும் இலத்தீன் பெயரடை: பொருளும் பெயர்ப்பும்

தாவர அறிவியற் பெயர்களில் பயின்றுவரும் ‘எஸ்குலெந்துஸ்’ என்னும் இலத்தீன் பெயரடையைத் தமிழில் ‘உண்ணத்தக்க’ எனப் பெயர்ப்பதுண்டு. இப்பெயர்ப்பு சொல்லின் அமைப்பிற்கும் வழக்கிற்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

‘எஸ்கா’ (உணவு) என்னும் பெயருடன் ‘-உலெந்துஸ்’ என்னும் விகுதி சேர்ந்து இச்சொல் அமைகிறது. இவ்விகுதி பொதுவாக மிகுதிப் பொருளது. ‘ஃபிராவ்துலெந்துஸ்’ என்பது ‘வஞ்சகம் நிறைந்த’ எனப் பொருள்படும். அவ்வாறாயின் ‘எஸ்குலெந்துஸ்’ ‘உணவு நிறைந்த’ என்றாதல் வேண்டும். வழக்கிலோ அது உணவாகும் பொருளையே பெரிதும் குறிக்கிறது. இதன் இணைச்சொல்லான ‘போதுலெந்துஸ்’ பருகும் பொருளையும் குறிக்கும், குடித்து மயங்கியவனையும் குறிக்கும். ஆகவே விகுதி தருவது தொடர்பை மட்டுமே. அத்தொடர்பு எத்தகையது என்பதை வழக்கே வரையறுக்கிறது.

பழைய வழக்கும் இதற்குச் சான்றாகிறது. வீட்டுச் சேமிப்புப் பொருள் எது என்று உரோமானியச் சட்ட அறிஞர் ஸ்கைவோலா வகுத்த வரையறையில் இச்சொல் பருகுபொருளைக் குறிக்கும் சொல்லோடு இணைந்து வருவதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான கெல்லியுஸ் எடுத்துரைக்கிறார். அங்குப் பேசப்படுவது பொருள்களின் வகைப்பாடே. உண்பதற்கான தகுதி அன்று. தமிழின் ‘உண்பன, பருகுவன’ என்னும் வினையாலணையும் பெயர்கள் இதற்கு நெருங்கியவை.

இப்பெயரடை தான் தழுவும் பெயரின் பாலை ஏற்கும். லின்னேயஸ் 1753இல் சேம்பிற்கு ‘ஆரும் எஸ்குலெந்தும்’ எனப் பெயரிட்டார். ‘ஆரும்’ அலிப்பாற் சொல். ஷாட் 1832இல் அதனைப் பெண்பாலாகிய ‘கொலொகாசியா’ இனத்திற்கு மாற்றியபோது அடை ‘எஸ்குலெந்தா’ ஆயிற்று. வெண்டையின் ‘ஆபெல்மொஸ்குஸ்’ ஆண்பாலாதலின் அங்கு ‘எஸ்குலெந்துஸ்’ நின்றது. ஒத்த பொருளுடைய ‘எதூலிஸ்’ என்னும் அடைக்கோ ஆண்பாலிலும் பெண்பாலிலும் வடிவு ஒன்றே. சௌசௌவின் பெயரில் அலிப்பால் நோக்கி ‘எதூலே’ ஆகிறது. தமிழ்ப் பெயரடை பால் காட்டாது. எனவே இம்மூன்று வடிவங்களுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போதும்.

அச்சொல் எது என்பதே சிக்கல். 1766இல் கிரான்ஸ் ‘மானிஹொத் எஸ்குலெந்தா’ எனப் பெயரிட்ட மரவள்ளியின் கசப்பு வகைகளைப் பக்குவப்படுத்தாமல் உண்டால் சயனைடு நஞ்சு தாக்கும். சேம்பை நன்கு வேகவைக்காவிடில் நாவும் தொண்டையும் அரிக்கும். ‘தக்க’ என்னும் சொல் தகுதியை உறுதிசெய்வது. இலத்தீன் பெயர் தராத உறுதியைப் பெயர்ப்பு தந்துவிடுகிறது. ‘உணவுக்குரிய’ என்பதோ வகையை மட்டும் சுட்டி, பக்குவத்திற்கு இடம் விடுகிறது. விகுதியின் தொடர்புப் பொருளுக்கும் அதுவே இயைகிறது. ஆதலின் கலைச்சொல் தொகுப்போர் ‘உணவுக்குரிய’ என்பதைக் கொள்ளுதல் தகும்.