மஞ்சள் கடுதாசி யாரிடமிருந்து காக்கிறது?

ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்ற செய்தி கடைத்தெருவில் பரவினால், அவருக்குப் பணம் கொடுத்தவர்களின் வயிற்றில் புளி கரையும். எல்லாக் கடனும் ஒரே நாளில் வாராக்கடனாகிவிட்டது என்பது பொது நம்பிக்கை. மஞ்சள் கடுதாசி என்னும் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுக்க வக்கீலைத் தேடிப் போகிறவர்களும் பெரும்பாலும் அதையே நம்புகிறார்கள். ஆனால் சட்டம் எல்லாக் கடனையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. எளிய கடன்காரர்களிடமிருந்து காக்கிறது; வங்கியிடமிருந்தும் அரசிடமிருந்தும் காக்கத் தயங்குகிறது.

சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம் என வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடுதான் சாதாரணக் குடும்பத்துக்கு இன்றும் உள்ளது. மாவட்டங்களில் கடன் 500 ரூபாயை எட்டி, அதை அடைக்க வழியில்லை என்றால் கடன்பட்டவரே மனுக் கொடுக்கலாம்.

இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து, அதை நிர்வகிக்கும் அபிஷியல் ரிசீவர் வசம் போகிறது. அதன்பின் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனியே வழக்குத் தொடுக்க முடியாது. முந்தி வந்தவர் அள்ளிக்கொண்டு போக இடமில்லை. இருப்பது விகிதப்படி பங்காகும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மச்சான் பெயருக்கு இனாமாக எழுதிவைத்த தோப்பையும், மூன்று மாதத்துக்குள் வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் அடைத்த கடனையும் ரத்துச் செய்ய வழியுண்டு. உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, கைவினைஞரின் தொழில் கருவி ஆகியவற்றில் ரிசீவர் கைவைக்க முடியாது. நாணயமான கடனாளிக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் இவ்வளவும் நியாயமான ஏற்பாடுதான்.

அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருந்தது. கடனுக்காகச் சிவில் சிறைக்குப் போகாமல் தப்பலாம். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வசதியில்லாத காரணத்தால் மட்டும் கட்டத் தவறியவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று சொன்னபின் அந்தப் பயனின் மதிப்புக் குறைந்துவிட்டது.

இன்றைய நடுத்தரக் குடும்பத்தின் கழுத்தை நெரிப்பவை வீட்டுக் கடனும் நகைக் கடனும். இரண்டும் ஈடு வைத்து வாங்கியவை. ஈடு பெற்றவரின் உரிமையைத் திவால் சட்டம் தொடுவதே இல்லை. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். ஐ.பி. மனு நிலுவையில் இருக்கிறது என்று காட்டி இதை நிறுத்த முடியாது. ஏலத்தில் கடன் முழுவதும் அடையாவிட்டால், மிச்சத்துக்காக மற்றவர்களோடு வங்கியும் பங்கு கேட்கலாம்.

வீடு போனபின் வரி வரும். தானே அடமானம் வைத்த சொத்து விலைபோகும்போது, அந்தக் கடனை அடைக்கச் சென்ற பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் கழிக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் 1997-இல் சொன்ன முடிவு. பெற்றவர் வைத்துவிட்டுப் போன அடமானத்தை வாரிசு மீட்டால் கழிக்கலாம். சொந்தக் கையால் வைத்ததற்குக் கிடையாது. பாக்கிக்காக அரசு ஏலம் விட்ட அடமானச் சொத்துக்கும் இதே கணக்குதான் என்று 2001-இல் மீண்டும் உறுதியானது. 30 லட்சத்துக்கு வாங்கிய வீடு 60 லட்சத்துக்கு ஏலம் போய், அவ்வளவும் வங்கிக்கே சேர்ந்தாலும், ஆதாயம் கடனாளியுடையது. ஒரு ரூபாயைக் கண்ணால் பார்க்காதவர் வரி கட்ட வேண்டும். விற்றுக் கிடைத்ததும் வருமானமே, கடன் அடைப்பது அதைச் செலவிடும் முறை என்ற தர்க்கம் சட்டப்படி சரி. திவாலான குடும்பத்தின் நிலைக்கு அது பொருந்தவில்லை.

மாகாணச் சட்டம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. ஈடில்லாத கடன்களில் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேர வேண்டிய பாக்கிக்கே முதலிடம். மற்றக் கடன்களிலிருந்து நீதிமன்றம் விடுவித்தாலும் அரசுப் பாக்கி தீராது. அதே முன்னுரிமைப் பட்டியலில், கடையில் நாலு மாதம் வேலை பார்த்தவரின் சம்பளத்துக்கு 1920-இல் எழுதிய உச்சவரம்பு 20 ரூபாய்!

ஆக, நட்டம் கைமாற்றுக் கொடுத்த சிநேகிதர், சீட்டுக் கட்டிய பக்கத்து வீட்டு அக்கா, கடைப் பையன் ஆகியோர் தலையில் விழுகிறது. கந்துவட்டிக்காரருக்கோ நீதிமன்ற உத்தரவு பொருட்டில்லை. அவர் வசூலிப்பது வீட்டு வாசலில். கடனாளியும் முழுதாகத் தப்புவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் கடன் விடுதலை மனுப் போடத் தவறினால் திவால் அறிவிப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடி வழக்குக்கு வரலாம்.

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பு இதற்கு மாற்று எழுதியது. விண்ணப்பித்ததுமே கடன் வழக்குகள் நிற்கும் இடைக்காலத் தடை அதில் உண்டு. ஆனால் தனிநபருக்கான அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏழைகளுக்கான புதுத்தொடக்கத் திட்டமோ ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமல், சொந்த வீடும் இல்லாதவருக்கு என்று வரையறுத்துவிட்டு ஏட்டிலேயே நிற்கிறது.

அமெரிக்கச் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம் வீட்டுக் கடனின் தவணைப் பாக்கியை மூன்று முதல் ஐந்து ஆண்டில் கட்டி வீட்டைக் காக்க விடுகிறது. அங்கே பழைய வருமான வரிப் பாக்கியும் நிபந்தனைகளோடு ரத்தாகும். அதை அப்படியே இங்கே பெயர்த்து நட வேண்டியதில்லை. குடியிருக்கும் ஒரே வீட்டின் ஏலத்துக்குக் காலவரையறையுள்ள தடை, கட்டாய விற்பனையில் கடனாளி கைக்கு வந்த தொகைக்கு மட்டும் வரி, தொழிலாளர் சம்பளத்துக்கு இன்றைய மதிப்பில் முன்னுரிமை ஆகிய மூன்றும் போதும், இந்தச் சட்டம் நேர்மையாகிவிடும். அதுவரை ஐ.பி. யோசிப்பவர் முதலில் தன் கடன்களைப் பிரித்துப் பார்க்கட்டும். பெரும்பகுதி கைமாற்றும் கிரெடிட் கார்டுமானால் மனுவில் பலன் உண்டு. வீடும் நகையும் வரிப் பாக்கியுமானால், வக்கீலைவிட வங்கி மேலாளரோடு பேசுவதே அவருக்கு லாபம்.