முள் ஆடும் விதம்

பழைய அம்பாசடரின் ஸ்பீடாமீட்டருக்கு பேட்டரியின் தயவு தேவையில்லை. கியர்பாக்ஸின் வால்பகுதியில் உள்ள சிறு பல்சக்கரம் ஒரு கம்பியைச் சுழற்றும். எஃகு இழைகளை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த அந்த இன்னர் வயர், உறைக்குள் சுழன்றபடியே டேஷ்போர்டு வரை வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தின் மேல், அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் எழும் சுழல் மின்னோட்டம் அதையும் கூடவே இழுக்கப் பார்க்கும். கடிகாரத்தில் இருப்பது போன்ற மயிரிழைச் சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும், அதுதான் வேகம். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியும் கார்களில் ஓடியது. ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகத் துண்டுகள் வேகத்தைச் சொல்வது பொறியியலின் அழகான காரியங்களில் ஒன்று.

கோளாறு பார்ப்பதும் இந்த அமைப்பிலிருந்தே தொடங்குகிறது. கிலோமீட்டர் எண்கள் காந்தத்தின் தண்டிலிருந்தே பற்சக்கரம் வழியாக நேரடியாக ஓடுகின்றன. முள்ளோ காந்தத்தின் இழுப்பை நம்பியிருக்கிறது. ஆகவே முள்ளும் எண்களும் சேர்ந்து செத்திருந்தால் இன்னர் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் பல் தேய்ந்திருக்கும். எண்கள் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் மீட்டருக்குள் கிண்ணமோ சுருள்வில்லோ பழுது. முள் சரியாகக் காட்டி எண்கள் நின்றிருந்தால் எண்களை ஓட்டும் சிறு சக்கரங்கள் போயிருக்கும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே கோளாறு பாதி பிடிபட்டுவிடுகிறது.

முள்ளின் ஆட்டத்தைப் படிப்பதில்தான் கைத்திறன் தெரியும். முப்பதில் ஓடும்போது முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே நிதானமாக ஊசலாடினால், இன்னர் எங்கோ கிரீஸ் வற்றிப் பிடித்துப் பிடித்து விடுகிறது என்று அர்த்தம். கம்பி ஒரு கணம் நின்று முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுபடும்போது முள் துள்ளும். கூடவே டேஷ்போர்டுக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருந்தாலும் இதே ஆட்டம்தான். வளைவின் ஆரம் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. மீட்டர் அடிக்கடி கெடும் வண்டிகளில் பலவற்றில் உண்மையான குற்றவாளி, பெடல்களுக்கு மேலே அவசரமாகத் திணித்து வைத்த கேபிள்தான்.

இன்னரை உருவி வெளியே எடுத்தபின் செய்யும் ஒரு சோதனை பார்க்கவே இன்பமானது. இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக் கம்பியை ஊஞ்சல் கயிறு போலத் தொங்கவிட்டு, ஒரு முனையை விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். நல்ல கம்பி என்றால் மறுமுனையும் அதே சீரில் உருளும். எங்காவது மடிப்பு விழுந்திருந்தால் கம்பி தயங்கும், பிறகு ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை விரல்நுனி கண்ணுக்கு முன்பே உணர்ந்துவிடும். அப்படிப்பட்ட கம்பியை நிமிர்த்திப் போடுவது வீண்வேலை. புதிதுதான் போட வேண்டும்.

நல்ல கம்பிக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு போதும், அதுவும் மீட்டர் பக்கம் கடைசி எட்டு அங்குலத்தைத் துடைத்துவிட்டு. அக்கறை மிகுதியால் கிரீஸை அள்ளிப் பூசுவதே இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. சுழலும் கம்பியின் சுருள் வரிகள் திருகாணி போலக் கிரீஸை மேலே ஏற்றும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாற்பதில் போகும் வண்டியின் முள் நூறைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

முள் ஆடாமல் பொய் சொல்வதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல் போதும். முள்ளை அறுபதில் பிடித்து ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அறுபது வினாடி ஆக வேண்டும். முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே விகிதத்தில் பிசகினால் டயர் அளவோ பல்சக்கரமோ மாறியிருக்கிறது. எண் சரியாக இருந்து முள் மட்டும் குறைத்துக் காட்டினால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். அது மீட்டர் வேலை மட்டுமே செய்பவர் கைக்குப் போக வேண்டியது.

முள்ளுக்கு அடுத்து டேஷ்போர்டில் படிக்க வேண்டியவை எச்சரிக்கை விளக்குகள். அவற்றில் நுட்பமானது சார்ஜ் விளக்கு. இந்தச் சிறு பல்பின் ஒரு முனை சாவி ஸ்விட்சோடும் மறுமுனை டைனமோவோடும் சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரம் பல்பு வழியாக டைனமோவுக்குள் இறங்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி டைனமோ பேட்டரிக்கு இணையான மின்னழுத்தத்தை எட்டியதும் இரு பக்கமும் சமமாகி, பல்பில் ஓட்டம் நின்று விளக்கு அணையும். ஆக, இந்த விளக்கு காட்டுவது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பையும் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷையும் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் மினுமினுத்து ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைவது டைனமோ வண்டிக்கு இயல்பு. எந்த வேகத்திலும் பிரகாசமாக எரிந்தால் முதலில் ஃபேன் பெல்ட். ஓடும்போது மங்கலாகக் கனன்றுகொண்டே இருந்தால் டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் முனைகளோ ஏதோ ஒரு இணைப்போ கறுத்துப்போயிருக்கும். சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் கட்-அவுட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி டைனமோவுக்குள் பாய்கிறது. உடனே பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், ஆராய்ச்சி பிறகு.

ஆயில் பிரஷர் விளக்கு எளிமையானது, ஆனால் விளையாடக் கூடாதது. எரிந்த கணமே எஞ்சினை நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், சாவியை மட்டும் போட்டு, எஞ்சினில் உள்ள ஸ்விட்சிலிருந்து ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. அணைந்தால் பழி ஸ்விட்சின் மேலோ உண்மையான பிரஷர் மேலோ விழுகிறது. ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தி அளந்தால்தான் தெரியும். 'ஸ்விட்சுதான் போயிருக்கும்' என்ற ஊகத்தோடு ஓட்டிய வண்டிகள் பேரிங்கைத் தின்றிருக்கின்றன.

முள்ளும் விளக்கும் தனித்தனி உலகம் என்று நினைத்திருக்கும்போது இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் மின்சாரத்தால் இணைப்பது பின்னல் போன்ற ஒரு எர்த் பட்டைதான். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிளின் உலோக உறை என்று எது எஞ்சினையும் பாடியையும் தொடுகிறதோ அதன் வழியாகப் பாயும். உறை சூடேறும், உள்ளே கிரீஸ் கருகும், கம்பி பிடிக்கும், முள் ஆடத் தொடங்கும். புதுக் கேபிள் போட்டும் சில வாரத்தில் அதே ஆட்டம் திரும்பினால், ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் உறையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை சுட்டால், மாற்ற வேண்டியது அந்தப் பட்டையை.