காசில்லாப் பந்தயம், கறாரான கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் 2003-ஆம் ஆண்டுப் பருவத்தின் 208 என்.எஃப்.எல். ஆட்டங்களை வைத்து ஓர் ஒப்பீடு செய்தார்கள். ஒரு பக்கம் டிரேட்ஸ்போர்ட்ஸ் என்ற பந்தயச் சந்தை. அங்கே புழங்கியது நிஜ டாலர். மறுபக்கம் நியூஸ்ஃபியூச்சர்ஸ்; அங்கே இருந்தது வெறும் விளையாட்டுக் காசு, டீக்கடையில்கூடச் செல்லாதது. ஆட்டம் தொடங்கும் முன் எந்த அணிக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று இரண்டு சந்தைகளும் சொன்னதை எடுத்து, பிறகு வந்த முடிவோடு பொருத்திப் பார்த்தார்கள். பணம் போனால் வலிக்கும், வலி இருக்கும் இடத்தில்தான் மூளை வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் டாலர் சந்தைதான் ஜெயித்திருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. இரண்டிலுமே ‘இந்த அணிதான்’ என்று சொல்லப்பட்ட அணி ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஆட்டங்களில் வென்றது. அதே பருவத்தில் தனித்தனியாகக் கணிப்புப் போட்டியில் கலந்துகொண்ட சுமார் 2,000 பேரோடு சேர்த்து வரிசைப்படுத்தியபோதும் இரண்டு சந்தைகளும் உச்சிக்கு மிக அருகில் நின்றன.

இந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. எமில் செர்வான்-ஷ்ரைபர், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ், டேவிட் பென்னாக், பிரையன் கேல்பாக் ஆகிய நால்வர் எழுதியது. முதலாமவர் நியூஸ்ஃபியூச்சர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் ஆட்டங்களின் முடிவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை யாரும் வளைக்க முடியாது.

நம் ஊரில் ஐ.பி.எல். வந்தால் அலுவலகத்தில், அடுக்ககத்தில், கல்லூரி நண்பர்களிடையே பந்தயக் குழுக்கள் முளைக்கின்றன. ஆன்லைன் பணவிளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்த பிறகு, டிரீம்11 போன்ற நிறுவனங்களே காசு கட்டும் போட்டிகளை நிறுத்திவிட்டன. காசில்லாமல் ஆடுவதில் சுவாரசியம் ஏது என்று கேட்பவர்களுக்கு அந்த 208 ஆட்டங்கள் பதில் சொல்கின்றன. ஆனால் அந்தப் பதில் சும்மா வந்துவிடவில்லை. விளையாட்டுக் காசில் நடக்கும் காயின் பந்தயம் உருப்படுவதும் கெடுவதும் அதை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. சீட்டு நடத்துகிறவருக்கு இருக்க வேண்டிய அத்தனை கறாரும் இவருக்கும் வேண்டும்.

விளையாட்டுக் காசு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன ஒரு காரணம் என்னை மிகவும் கவர்ந்தது. நிஜப் பணச் சந்தையில் பெரிய தொகை கட்டுகிறவர் யார்? அப்பா சொத்தோ சம்பளமோ கடனோ, எங்கிருந்தோ பணம் வைத்திருப்பவர். அவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. விளையாட்டுக் காசில் எல்லோரும் ஒரே தொகையோடு தொடங்குகிறார்கள். அதைப் பெருக்க ஒரே வழி, திரும்பத் திரும்பச் சரியாகக் கணிப்பதுதான். ஆகவே அங்கே கனமான கை என்பது கணித்துக் காட்டிய கை. அந்தக் கை ஒரு பக்கம் சாயும்போது சந்தையும் சரியான பக்கம் சாய்கிறது.

இந்த ஒரு சங்கிலி அறுந்தால் எல்லாம் போச்சு. அதை அறுப்பது பெரும்பாலும் நடத்துகிறவரின் நல்ல மனசுதான். தோற்றுக் காலியானவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, மறுபடி 1,000 காயின் கொடுத்துவிடுகிறார். குழு சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று வாரா வாரம் போனஸ் போடுகிறார். விளைவு என்ன? காலியானால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த மனிதர் கையிலிருப்பதை மொத்தமாக ஒரே ஆட்டத்தில் வைப்பார். தோற்றால் நஷ்டமில்லை, வென்றால் முதலிடம்.

கணக்காகவே பார்க்கலாம். 64 பேர் குழுவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 1,000 காயின். ஆட்டம் பாதிக்குப் பாதி, ரேட் 2, அதாவது வென்றால் இரண்டு மடங்கு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் வைக்கிறார்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். 6 ஆட்டம் முடிந்ததும் ஒருவர் மிஞ்சுவார், அவரிடம் 64,000 இருக்கும். அவருக்கு லெக் ஸ்பின்னுக்கும் ஆஃப் ஸ்பின்னுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பட்டியலில் முதலிடம் அவருக்கு. இதைப் பார்த்ததும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்த மற்ற குழுக்காரர்களும் நிதானத்தை விட்டுவிடுவார்கள்.

அதனால் ஓர் ஆட்டத்துக்குக் கையிருப்பில் இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று வரம்பு வேண்டும். நான் 5 சதவீதம் என்பேன். இது கஞ்சத்தனம் இல்லை. பெல் ஆய்வகத்தில் வேலைபார்த்த ஜான் கெல்லி 1956-இல் ஒரு சூத்திரம் வகுத்தார். நீண்ட ஓட்டத்தில் கையிருப்பை வேகமாக வளர்க்க எத்தனை பங்கு வைக்கலாம் என்று அது சொல்லும். ரேட் 2.5, வெல்லும் வாய்ப்பு சரியாக 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வைத்தால் சராசரியாக 125 திரும்பும், கனவில்தான் கிடைக்கும் சலுகை. அந்த நிலையிலும் கெல்லி சொல்வது ஆறில் ஒரு பங்கு வை என்றுதான். நிஜ ஆட்டங்களில் நம் கணிப்பு அவ்வளவு துல்லியமாகவும் இருக்காது, ரேட்டும் அவ்வளவு தாராளமாக இருக்காது.

அடுத்தது ரேட்டை யார் போடுவது என்ற கேள்வி. பெரும்பாலான குழுக்கள் செய்கிற தவறு, எங்கேயோ பார்த்த ரேட்டை அப்படியே எடுத்துப் போடுவது. லீட்ஸில் 1981-இல் நடந்த ஹெடிங்லி டெஸ்டை நினைத்துப் பாருங்கள். ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்துக்கு லாட்புரோக்ஸ் 500-க்கு 1 என்று ரேட் போட்டது. எதிரணியிலிருந்த டென்னிஸ் லில்லி 10 பவுண்டும் ராட் மார்ஷ் 5 பவுண்டும் இங்கிலாந்து மேல் கட்டினார்கள். போத்தம் ஆட்டமிழக்காமல் 149, பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட், இங்கிலாந்து 18 ரன்னில் வென்றது. உங்கள் குழுவில் ஒருவர் 1,000 காயினை அந்த ரேட்டில் வைத்திருந்தால் 5 லட்சம் காயினோடு எழுந்திருப்பார். அத்தோடு அந்தப் பருவமே முடிந்தது. மற்றவர்கள் யாரும் எட்டிப்பிடிக்க முடியாது, நடத்துகிறவர் எங்கிருந்தோ 5 லட்சத்தை அச்சடித்தும் விட்டார். (லில்லியும் மார்ஷும் செய்தது இன்றைய விதிகளில் பெருங்குற்றம். உள்ளூர் லீக் ஆட்டங்களுக்குக் காயின் பந்தயம் நடத்துகிறவர்களும் ஆடுகிறவர், நடுவர், ஸ்கோரர் யாரையும் உள்ளே விடக்கூடாது. காயின்தானே என்று தொடங்கும் பழக்கம் காயினோடு நிற்பதில்லை.)

ரேட்டை யார் போடுவது என்ற கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே விடை கண்டவர் பாரிஸில் இருந்த ஜோசப் ஒல்லே. குதிரைப் பந்தயத்தில் எல்லோர் பணத்தையும் ஒரே குவியலாகப் போட்டு, வென்றவர்கள் கட்டிய விகிதப்படி பிரித்துக்கொள்ளும் முறையை 1860-களில் அவர் கொண்டுவந்தார். கிண்டி ரேஸ் தெரிந்தவர்களுக்கு டோட் என்றால் புரியும், அதுதான். இதில் நடத்துகிறவர் ரேட்டே போட வேண்டாம், ஒரு காயினும் புதிதாக அச்சாகாது.

நம் ஊருக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பாசம். சென்னை ஆடும் நாளில் சென்னைக் குழுவில் 50,000 காயின் விழுந்தால் 40,000 மஞ்சள் பக்கம் விழும், எதிரணிக்கு 10,000 விழலாம். அப்போது சென்னை வென்றால் 100-க்கு 125 கிடைக்கும், தோற்றால் எதிர்ப்பக்கம் வைத்தவருக்கு 100-க்கு 500. அணிகள் சமபலம் என்றால் மனசைக் கட்டிப்போட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தவருக்கு அது நியாயமான கூலி. 2023 உலகக் கோப்பையில் இந்தியா தொடர்ந்து 10 ஆட்டம் வென்று நவம்பர் 19 அன்று ஆமதாபாத் இறுதியாட்டத்துக்கு வந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் வாயால் சொல்லியிருப்போம்? குவியல் முறையில் அந்தத் தயக்கத்துக்கே ஒரு விலை தெரியும். ரசிகர்கள் தங்கள் பாசத்தை எண்ணில் பார்ப்பது நல்லது என்றே நினைக்கிறேன். பாசம் குறையாது, பார்வை கூர்மையாகும்.

இனி, குழுக்கள் உடைவது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் தீர்ப்பில்தான். 2023 ஐ.பி.எல். இறுதியாட்டம் மே 28 அன்று நடக்க வேண்டியது, மழையால் 29-க்குத் தள்ளிப்போய், முடிந்தபோது 30-ஆம் தேதி அதிகாலை. குஜராத் 20 ஓவரில் 214. சாய் சுதர்சன் 96. மறுபடி மழை. சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று டக்வொர்த் லூயிஸ் இலக்கு. மோகித் சர்மாவின் கடைசி 2 பந்தில் 10 வேண்டியிருந்தபோது ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. சென்னை வென்றது, அதில் சச்சரவில்லை. ஆனால் ‘இரு அணிகளும் சேர்ந்து 400 ரன்னைத் தாண்டுமா’ என்று பந்தயம் போயிருந்தால்? வந்தது 385. 5 ஓவர் காணாமல் போன ஆட்டத்தில் ‘தாண்டாது’ என்றவர் வென்றாரா, அல்லது எல்லோருக்கும் காயின் திரும்ப வேண்டுமா? 28-ஆம் தேதி ஆட்டம் என்று எழுதிய பந்தயம் 29-க்குச் செல்லுமா?

2019 உலகக் கோப்பையின் லார்ட்ஸ் இறுதி இன்னும் கடினம். இரு அணியும் 241, சூப்பர் ஓவரில் இருவரும் 15, பவுண்டரி எண்ணிக்கை 26-க்கு 17 என்று இங்கிலாந்து கோப்பையை எடுத்தது. ‘ஆட்டம் டை’ என்று வைத்தவருக்கும் ‘இங்கிலாந்து’ என்று வைத்தவருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் இருக்கிறது. ‘இந்த ஆட்டத்தின் முடிவு’, ‘கோப்பை யாருக்கு’ என்று கேள்வியை முன்பே இரண்டாகப் பிரித்திருந்தால் சண்டை இல்லை. கால்பந்திலும் அப்படித்தான். 2022 கத்தார் இறுதியில் 90 நிமிடத்தில் 2-2, கூடுதல் நேரத்தில் 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. எந்த வரியில் கணக்கு முடிகிறது என்பதை விசில் ஊதும் முன் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாத விதியை ஆட்டம் முடிந்தபின் எழுதுகிற நடத்துநரை யாரும் நம்ப மாட்டார்கள், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். நடத்துகிறவர் தானே பந்தயம் வைக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

நிஜப் பணத்தோடு இருக்கும் எல்லையை இங்கே அழுத்தமாகவே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் சூதாட்டம் குடும்பங்களை அழித்த கதைகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல; 2022-இல் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டதே அந்தத் துயரங்களால்தான். கிரிக்கெட்டும் தப்பவில்லை. அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவரின் பந்தய விவகாரத்தால் 2015-இல் லோதா குழு விதித்த தடையில் சென்னை அணி 2016, 2017 என இரண்டு பருவம் களத்திலேயே இல்லை. புதிய சட்டமும் காயின், டோக்கன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை. பணம் கொடுத்து வாங்கப்படுகிறதா, பணமாக மாறுமா என்று பார்க்கிறது. 500 ரூபாய் கொடுத்தால் 5,000 காயின் என்று ஒரு குழு ஆரம்பித்த நொடியில் அது சூதாட்டம். ‘கடைசியில் தோற்றவர் முதலாமவருக்குக் காயினுக்கு இவ்வளவு என்று ரூபாய் கொடுக்கணும்’ என்பதும் அப்படியே. காயின் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, கடன் கொடுக்கவும் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குழுவில் ரேட், பந்தயம் என்ற பேச்சே வேண்டாம்; அவர்களுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

அந்த வழி பெரியவர்களுக்கும் மேலானது. அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் 1950-இல் மழைக் கணிப்புகளுக்கு மதிப்பெண் போட ஒரு முறை வகுத்தார். காயினே வேண்டாம். சென்னை வெல்ல 70 சதவீதம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். வென்றால் உங்கள் பிழை 0.3, அதன் வர்க்கம் 0.09. தோற்றால் 0.7-இன் வர்க்கம் 0.49. எண் குறைவாக இருப்பவரே சிறந்தவர். எல்லா ஆட்டத்துக்கும் 50 என்று சொல்லித் தப்பிப்பவருக்கு எப்போதும் 0.25. மார்தட்டி 90 என்று சொல்லித் தோற்றால் 0.81. மனதில் 60 இருக்கும்போது 90 என்று சொல்வது நீண்ட ஓட்டத்தில் நஷ்டம், 50 என்று பதுங்குவதும் நஷ்டம். உள்ளதைச் சொல்வதே லாபம். யாரும் காலியாவதில்லை, மொத்தத்தையும் வைத்து ஒரே தாவலில் மேலே போவதும் முடியாது.

அடுத்த ஐ.பி.எல்.லுக்குக் குழு தொடங்க நினைப்பவர்கள் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குவியல் முறைக் காயின் கணக்கு ஒன்று, பிரையர் சராசரி ஒன்று. லீக்கும் பிளே ஆஃபும் சேர்த்து 74 ஆட்டம் என்றால் குறைந்தது 50-க்காவது கணிப்புச் சொன்னவர்களை மட்டும் இரண்டாவது பட்டியலில் சேருங்கள். கணிப்பை டாஸுக்கு முன் பூட்டிவிடுங்கள். பருவம் முடிந்ததும் கோப்பையைக் காயின் பட்டியலில் முதல்வந்தவருக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் பற்றிய சந்தேகம் வந்தால் இரண்டாம் பட்டியலில் முதல்வந்தவரிடம் கேளுங்கள்.