நெம்ருத் மலையின் கிழக்குத் தளம்

துருக்கியின் தென்கிழக்கில், ஏறத்தாழ 2,150 மீட்டர் உயரமுள்ள நெம்ருத் மலையுச்சியில், கி.மு. முதல் நூற்றாண்டில் கோமகேனே என்னும் சிற்றரசை ஆண்ட முதலாம் அந்தியோகஸ், கைக்கடக்கமான சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் கொட்டிக் குவித்துத் தனக்கொரு கல்லறைக் குன்றை எழுப்பினான். அதன் கிழக்குத் தளத்தில், கிரேக்கப் பெயரையும் பாரசீகப் பெயரையும் ஒருங்கே தாங்கிய தெய்வங்கள், சேயுஸ்-ஒரோமஸ்தேஸ் போன்றவை, அரசனின் உருவத்தோடு வரிசையாக வீற்றிருக்கின்றன. அவற்றின் தலைகளோ என்றோ கழன்று விழுந்து, இன்று உடல்களின் காலடியில் நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளன. நண்பகல் வெளிச்சத்தில் வெறும் வெளிறிய பாறைகளாகத் தோன்றும் அம்முகங்கள், விடியற்காலையில் கிடைமட்டமாக வந்து விழும் ஒளியில் செம்பொன் நிறமேறி, தாடியின் சுருள்கள், இறுக மூடிய உதடுகள், கூம்புத் தொப்பியின் விளிம்பு என உளி பட்ட இடமெல்லாம் நிழல் கட்டித் துலங்குகின்றன. தலைகள் அதிகம் சிதையாதிருப்பது மேற்குத் தளத்தில்தான் என்பது உண்மையே. ஆயினும் உடலும் முகமும் சேர்ந்து அவற்றை வடித்த சிற்பிகளின் பேருள்ளத்தைக் காட்டுவது கிழக்குத் தளமே, அதுவும் கதிரவன் எழும் வேளையிலேயே. யுனெஸ்கோ 1987-இல் இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குன்றினுள் இருப்பதாகக் கருதப்படும் அரசனின் புதைகுழி இன்றளவும் கண்டறியப்படவில்லை.