செம்மணியும் எமது இரங்கற்பாக்களும்

அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை அமைப்பதற்காக 2025 பெப்ரவரியில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் செப்டெம்பர் முற்பகுதிக்குள் 240 எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. சிறுவர்களுடையவையும் அவற்றில் உண்டு. நீலநிறப் புத்தகப்பையொன்றும் பொம்மையொன்றும் மண்ணிலிருந்து வந்தன. கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டதாக 1998 இலேயே நீதிமன்றில் கூறியிருந்தார். 1999 இல் தோண்டி எடுக்கப்பட்டவை 15 உடல்கள் மட்டுமே.

இதன் பின்னர் எமது முஸ்லிம் கவிஞர்கள் எழுதியவற்றில் எனக்குக் கிடைத்தவற்றை வாசித்தேன். மௌனமாக இருந்துவிடாமல் எழுத முன்வந்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் பாராட்டோடு நிறுத்திக்கொள்வது விமர்சனமாகாது. அவற்றில் இரு குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, ஏறக்குறைய எல்லாக் கவிதைகளும் அந்தப் புத்தகப்பையிலேயே தொடங்கி அதிலேயே முடிகின்றன. அந்தப் பை ஒரு சான்றுப்பொருள். கவிதைக்குள் வந்ததும் அது கண்ணீருக்கான குறியீடாகிவிடுகிறது. யார் பிடித்துச் சென்றார்கள், யார் புதைத்தார்கள், கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏன் தோண்டப்படவில்லை என்ற கேள்விகள் அந்தக் கண்ணீரில் கரைந்துபோகின்றன. குற்றத்தைப் பெயர்சொல்லாத இரங்கல் குற்றவாளிக்கு வசதியானது.

இரண்டாவது, சில கவிதைகள் 'எமக்கும் 90 உண்டு' என்று முடிகின்றன. அந்த வலி பொய்யானதல்ல. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டனர். அதே ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுடப்பட்டனர். குருக்கள்மடத்தில் ஹாஜிகளும் வியாபாரிகளும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். இவை பற்றித் தமிழ்ச் சகோதரர்கள் எழுதியது மிகக் குறைவு என்ற மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் அதைச் சொல்லும் இடம் இன்னொருவரின் புதைகுழி விளிம்பல்ல. அது தனிக் கவிதையாக, தனிக் கதையாக, ஆணைக்குழுக்களின் முன் சாட்சியமாக முழுக்குரலில் எழவேண்டியது. இரங்கற்பாவின் கடைசி வரியில் செருகினால் இரண்டு துயரமும் சிறுத்துப்போகும்.

எமக்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1981 இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர் கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான். அந்தக் கவிதை யாருடைய நூலகம் என்று கணக்குப் பார்க்கவில்லை. கொன்றவர்களின் கையையும் கொல்லப்பட்ட அறத்தையும் ஒன்றாகக் காட்டியது. அதனாலேயே இற்றைவரை அது எல்லோருக்கும் உரியதாக இருக்கிறது.

எமது மார்க்கமும் இதற்கு வழிகாட்டுகிறது. ஜனாஸாக் கடமை பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் மற்றோர் பொறுப்பு நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிடின் ஊரே குற்றவாளி. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்துசென்றபோது நபிகளார் (ஸல்) எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டதை ஹதீஸ்களில் படிக்கிறோம். அகதிகளாகச் சென்ற ஸஹாபாக்களுக்கு ஆபிரிக்க மண்ணில் புகலிடம் தந்த ஹபஷா மன்னர் நஜ்ஜாஷி மறைந்தபோது மதீனாவில் அவருக்காகத் தொழுகை நடந்தது. இங்கு நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லவில்லை. தூரத்திலிருப்பவரின் மரணமும் எம்மீது கடமை சுமத்தும் என்ற மனப்பாங்கையே சுட்டுகிறேன்.

அடக்கம் மறுக்கப்படுவதன் வேதனையை நாம் அண்மையிலும் அறிந்தோம். 2020 இல் தொற்றைக் காரணங்காட்டி எமது மய்யித்துகளைப் பலவந்தமாக எரித்தார்கள். 20 நாள் சிசுவும் தப்பவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி அதற்கெதிராகவும் குரலெழுப்பியது. தமிழரும் முஸ்லிம்களும் அந்த வீதியில் சேர்ந்து நடந்தனர்.

ஆகவே செம்மணி பற்றி எழுதுவோரிடம் கவிதைக்கும் அப்பால் ஒன்றைக் கேட்கிறேன். வழக்கு விசாரணைகளைப் பின்தொடருங்கள். காத்திருக்கும் தாய்மாரின் வாக்குமூலங்களைப் பதியுங்கள். சித்துப்பாத்தியைத் தோண்டக் கேட்ட அதே வாயால் குருக்கள்மடத்தையும் தோண்டக் கேளுங்கள். தமிழ் எழுத்தாளர்களிடமும் அதையே எதிர்பாருங்கள். கையில் சான்றும் நெஞ்சில் நேர்மையும் உள்ள எழுத்துக்குக் கண்ணீர் தானாகவே வந்து சேரும்.