ராஜபார்ட் ரங்கதுரை (திரைப்படம்)

ராஜபார்ட் ரங்கதுரை (1973) பி. மாதவன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த தமிழ்த் திரைப்படம். உஷா நந்தினி, ஸ்ரீகாந்த் ஆகியோர் உடன் நடித்தனர். இசை எம்.எஸ். விஸ்வநாதன், பாடல்கள் கண்ணதாசன். நாடக நடிகன் ஒருவனின் வாழ்க்கையை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்களில் பரவலாக நினைவுகூரப்படுவது.

பெயர்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வழிவந்த நாடக மரபில் ராஜபார்ட் என்பது கதாநாயக வேடம். ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் ஆகியவை மற்ற வேடங்கள். நடிகர்களின் பெயருக்கு முன்னால் இவை பட்டம்போல ஒட்டிக்கொள்வதுண்டு. இரவெல்லாம் அரசன், விடிந்தால் கூலிக்காகக் காத்திருப்பவன் என்னும் முரண் படத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

கதை

ரங்கதுரை நாடகத்தில் சம்பாதித்துத் தம்பியையும் தங்கையையும் ஆளாக்குகிறான். மேலேறிய தம்பிக்கு அண்ணன் ஒரு கூத்தாடி என்பது வெட்கமாகிறது. அவமானங்களுக்கு நடுவிலும் மேடையை விடாத ரங்கதுரை, திருப்பூர் குமரனாக நடிக்கும்போது மேடையிலேயே உயிர்விடுகிறான்.

மதிப்பீடு

குடும்பக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. உடன்பிறந்தவர்களுக்காகத் தேய்ந்துபோகும் அண்ணனைத் தமிழ்த் திரை அதற்கு முன்பே பலமுறை பார்த்துவிட்டது. படத்தைத் தாங்குவது அதனுள் வரும் நாடகங்கள்தான்.

சிவாஜி கணேசனின் நடிப்பு மிகையானது என்ற குற்றச்சாட்டை வைத்துப் பார்க்க இந்தப் படம் உதவும். பந்தலின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குரலும் கையசைவும் போய்ச் சேர வேண்டிய கலையில் அவர் சிறுவயதிலேயே தேர்ந்தவர். ரங்கதுரை மேடையில் நிற்கும்போது அந்த அளவு மிகையாகத் தெரிவதில்லை; அங்கே அதுவே சரியான அளவு. ஆனால் மேடையிலிருந்து இறங்கிய ரங்கதுரையும் அதே அளவில் பேசுகிறான், அதே அளவில் அழுகிறான். வேடம் கலைத்த மனிதன் எப்படி இருப்பான் என்று காட்டியிருக்க வேண்டிய வாய்ப்பை மாதவன் தவறவிடுகிறார். படத்தின் பெரிய குறை இது.

ஹாம்லெட் காட்சி இன்னொரு சிக்கல். ஷேக்ஸ்பியர் தமிழ் மேடைக்குப் புதியவரல்ல. சுகுண விலாச சபையை (1891) நிறுவியவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்ற பெயரில் தமிழாக்கினார். ஆனால் அது படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபை. வயிற்றுக்காக ஊர் ஊராகப் போன கம்பெனிகளின் உலகம் வேறு. ஆகவே இந்த ஹாம்லெட் ரங்கதுரையின் நாடகமல்ல. ரத்தத் திலகத்தில் (1963) ஒதெல்லோவாகவும், சொர்க்கத்தில் (1970) சீஸராகவும் வந்த சிவாஜியின் வரிசையில் அடுத்தது, அவ்வளவே. அந்த நேரத்துக்குக் கதை காத்து நிற்கிறது. ரசிகர்களுக்கு அதில் மனக்குறை இருந்திருக்காது.

பகத்சிங், குமரன் வேடங்கள் அப்படியல்ல, அவை நாடக வரலாற்றோடு ஒட்டுபவை. விடுதலைப் போராட்டக் காலத்தில் ராஜபார்ட் நடிகர்கள் புராண வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றார்கள். அவர்களில் முதன்மையானவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ் (1886-1940). 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்தபடியே இறந்தார். ரங்கதுரையின் முடிவைப் பார்க்கும் நாடக அறிமுகமுள்ளவர்களுக்கு அவர் நினைவு வராமல் போகாது. அவர் கடவுள் வேடத்தில் இறந்தார், ரங்கதுரைக்கோ தியாகியின் வேடம். குமரனின் சாவும் நடிகனின் சாவும் ஒன்றாகிவிடுவதால், தம்பியின் பார்வையில் கூத்தாடியாக இருந்தவன் பார்வையாளர்களின் பார்வையில் தியாகியாகிறான். தம்பி மறுத்த மரியாதையை வேடம் பெற்றுத் தருகிறது. நடிகனாக மட்டும் இறந்திருந்தால் அந்த மரியாதை கிடைத்திருக்குமா என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை.

படம் வெளிவந்தபோது சிவாஜி நாடக மன்றம் இயங்கிக்கொண்டிருந்தது. மாதவன் இதற்கு முன் இயக்கிய வியட்நாம் வீடு (1970), பின் இயக்கிய தங்கப்பதக்கம் (1974) இரண்டும் அந்த மன்றத்தின் மேடையிலிருந்து வந்தவை. அவை நகரத்து அரங்குகளின் நாடகங்கள். ரங்கதுரையின் வகை நாடகம் அப்போது தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக விடியவிடிய நடந்துகொண்டிருந்தது.